நாய் வளர்க்க எவ்வளவு ஒதுக்குவது? கணக்குப் போடும் முறை வேண்டும்

#1 தூறல்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் நாய் வளர்க்கலாம் என்று ஒருவழியாக முடிவாகிவிட்டது. மகள் கேட்க ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது. இடம் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. நானும் கணவரும் மாறி மாறி வீட்டில் இருப்போம். பணம்தான் குழப்பம். இரண்டு சம்பளம் வந்தாலும் வீட்டுக்கடன் போக மிஞ்சுவது அளவாகத்தான் இருக்கிறது.

தேடினால் கிடைப்பதெல்லாம் "மாதம் இவ்வளவு ஆகும்" என்று ஒற்றை எண். அது யாருடைய நாய்க்கு, எந்த ஊர் விலையில் என்றே தெரிவதில்லை. விலையை நான் விசாரித்துக்கொள்வேன். என்னென்ன செலவு வரும், எது எப்போது வரும், எதற்கு முன்னாலேயே சேர்க்க வேண்டும் என்பதுதான் தெரிய வேண்டும். இனம் முடிவாகவில்லை. வளர்ந்து 20 கிலோ அளவில் நிற்கும் நாய் போதும் என்று நினைக்கிறோம்.

ஆசையாகக் கொண்டுவந்துவிட்டு, காசு இல்லை என்று வைத்தியத்தைப் பாதியில் நிறுத்தும் நிலை வரக்கூடாது. அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

#2 நேர்வழி

சகோதரி, தப்பாக நினைக்க வேண்டாம். நாய்க்கு இவ்வளவு யோசனை தேவையா? என் சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் நாய் இருக்கிறது. நாங்கள் சாப்பிடுவதில் ஒரு பங்கு, வருடம் ஒரு ஊசி, அவ்வளவுதான். ஒரு குறையும் இல்லாமல் வாழ்ந்தன. இந்தப் பட்டியலையெல்லாம் பார்த்துப் பயந்துபோய் நல்ல மனசுள்ளவர்கள் நாயே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். அது இன்னும் வருத்தம்.

#3 பச்சைக்கோட்டு

நான் ஒரு கால்நடை மருத்துவமனையில் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். மருத்துவர் இல்லை. ஆனால் பில் போடுவது நான்தான், அதனால் எது எப்போது வரும் என்று சொல்ல முடியும்.

குட்டியாக எடுத்தால் முதல் ஆண்டு தனிக்கணக்கு. தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கும். அப்புறம் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற உயிர்கொல்லித் தொற்றுநோய்களுக்கான ஊசி எல்லாம் இதில் அடக்கம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எந்த வாரத்தில் தீரும் என்று குட்டிக்குக் குட்டி மாறும் என்பதால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். காசு பிடுங்குவதற்காக என்று நினைத்துக் கடைசி ஊசியை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் அந்தக் கடைசி ஊசிதான் மிக முக்கியம். ரேபிஸ் ஊசி பெரும்பாலும் 12 வார வயதிலிருந்து. ஒரு வயது வாக்கில் எல்லாவற்றுக்கும் பூஸ்டர் உண்டு. அதன் பிறகு சில ஊசிகள் ஆண்டுக்கு ஒருமுறை, சில 3 ஆண்டுக்கு ஒருமுறை. ரேபிஸ் விஷயத்தில் உங்கள் ஊர்ச் சட்டம் சொல்வதுதான் கணக்கு.

குடற்புழு மருந்து ரொம்பச் சின்னக் குட்டிக்கு 2 வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதம் ஆகும்வரை மாதம் ஒருமுறை, வளர்ந்த நாய்க்கு 3 மாதத்துக்கு ஒருமுறை. உண்ணி, தெள்ளு மருந்து பெரும்பாலும் மாதாமாதம். 3 மாதம் தாங்கும் மாத்திரைகளும் உண்டு. கொசு அதிகமுள்ள இடமானால் இதயப்புழுத் தடுப்பு மருந்தும் தேவைப்படலாம். மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) ஒரே ஒரு தடவை. கருத்தடை அறுவை ஒரே ஒரு தடவை, ஆனால் முதல் ஆண்டுகளில் மொத்தமாக வரும் பெரிய பில் அதுதான்.

நேர்வழி அண்ணா, உங்கள் நாய்கள் நன்றாக வாழ்ந்தது சந்தோஷம். ஆனால் ஊசி போடாத குட்டிக்குப் பார்வோ வந்தால் நாள் கணக்கில் படுக்க வைத்து, டிரிப் ஏற்றி, அப்படியும் சில பிழைப்பதில்லை. தடுப்பூசித் தொடர் முழுவதற்கும் ஆகும் பணம் அந்த மருத்துவமனைப் பில்லுக்குப் பக்கத்திலேயே வராது. பில் போடும் கையால் சொல்கிறேன்.

#4 கணக்கன்

தூறல் அம்மா, நீங்கள் விலை கேட்காமல் முறை கேட்டது சரியான கேள்வி. என் முறையைச் சொல்கிறேன்.

செலவை மூன்று பையாகப் பிரியுங்கள். முதல் பை மாதாமாதம் ஆகும் செலவு: உணவு, உண்ணி மருந்து, கழிவுப் பை, தேவையென்றால் குரூமிங் (முடி வெட்டிச் சீராக்குவது). இரண்டாவது, தேதி தெரிந்த செலவு: ஆண்டுப் பரிசோதனை, பூஸ்டர், உரிமக் கட்டணம், நீங்கள் ஊருக்குப் போகும்போது விடுதி. இதை ஆண்டுக்குக் கூட்டி 12ஆல் வகுத்து மாதாமாதம் ஒதுக்கிவிட வேண்டும். மூன்றாவது, தேதி தெரியாத செலவு. முதல் இரண்டும் கிட்டத்தட்ட சரியாகப் போடலாம். மூன்றாவதைத் தொடாமல் காப்பதுதான் கஷ்டம். அதற்கு வேறு வங்கிக் கணக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

உணவுக்கு எல்லோரும் குத்துமதிப்பாகப் போடுகிறார்கள். குத்துமதிப்பு தேவையில்லை, சூத்திரம் இருக்கிறது. ஓய்வில் இருக்கும் நாய்க்குத் தேவையான கலோரி என்பது எடையின் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்கினால் வரும். கைப்பேசி கால்குலேட்டரில் போட எளிய வழி: எடை × எடை × எடை என்று பெருக்கி, வர்க்கமூலத்தை இரண்டு தடவை அழுத்தி, 70ஆல் பெருக்குங்கள். 10 கிலோ நாய்க்கு 1000, பிறகு 31.6, பிறகு 5.62, பெருக்கினால் 394. கருத்தடை செய்த, சாதாரணமாக ஓடியாடும் வளர்ந்த நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்க வேண்டும். 630 கிலோகலோரி.

உலர் உணவுப் பையின் பின்பக்கம், சத்துப் பட்டியலுக்குக் கீழே சின்ன எழுத்தில், ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோகலோரி என்று பெரும்பாலும் இருக்கும். 3500 என்று இருந்தால் நாளுக்கு 180 கிராம், மாதம் 5.4 கிலோ. 30 கிலோ நாய்க்கு இதே கணக்குப் போட்டால் நாளுக்கு 410 கிராம், மாதம் 12.3 கிலோ. எடை மூன்று மடங்கு, ஆனால் உணவு இரண்டேகால் மடங்குதான். மருந்து அப்படி இல்லை. மருந்தைக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொடுப்பதால் அது எடையோடு சேர்ந்தே ஏறும். மயக்க மருந்தும் அப்படித்தான். பெரிய நாய் சாப்பாட்டில் செலவு வைக்கும் என்று பயப்படுகிறோம், உண்மையில் அது மருந்தில்தான் அதிகம் இழுக்கும்.

இன்னொன்று. கிலோ விலையை ஒப்பிடாதீர்கள், 1000 கிலோகலோரிக்கு என்ன விலை என்று ஒப்பிடுங்கள். ஒரு பையில் கிலோவுக்கு 3200, இன்னொன்றில் 4000 என்றால், இரண்டாவது 25 சதவீதம் விலை கூடினாலும் நாள் செலவு ஒன்றுதான்.

#5 தூறல்

கணக்கன் ஐயா, போட்டுப் பார்த்தேன். 20 கிலோவுக்கு 8000, 89.4, 9.46, 662, அதை 1.6ஆல் பெருக்க 1059. நாளுக்கு 300 கிராம் வருகிறது, மாதம் 9 கிலோ. சரிதானே? குட்டிக்கும் இதே கணக்கா?

#6 கணக்கன்

சரி. குட்டிக்கு மாறும். 4 மாதம்வரை அந்த 1.6க்குப் பதில் 3, அதற்குப் பிறகு வளர்ந்து முடியும்வரை 2. ஆனால் அந்தந்த நேரத்து எடையைப் போட வேண்டும், பெரியதானபின் வரப்போகும் எடையை இல்லை. இதெல்லாம் தொடக்கப் புள்ளிதான். அதன்பின் மாதம் ஒருமுறை எடை பார்த்து, விலா எலும்பைத் தடவிப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பையால் அளக்க வேண்டாம். சமையலறைத் தராசு போதும். கோப்பையைக் குலுக்கி நிரப்பினால் ஓர் அளவு, தளர்வாக நிரப்பினால் வேறு அளவு. அந்த வித்தியாசம் நாயின் இடுப்பில் ஏறும்.

இதில் ஒரு நல்ல சேதி உண்டு. 2002ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 48 லாப்ரடார் நாய்கள், ஒரே ஈற்றில் பிறந்தவற்றை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாக உணவு. குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக ஏறக்குறைய 2 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலிக்கான சிகிச்சையும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் தேவைப்பட்டது. உணவிலும் மிச்சம், வைத்தியத்திலும் மிச்சம், நாய்க்கு ஆயுசும் கூடுதல். இதைவிட நல்ல சிக்கனம் எனக்குத் தெரியாது.

#7 நேர்வழி

சரி, ஊசி விஷயத்தில் பச்சைக்கோட்டு சொன்னதை ஏற்கிறேன். ஆனால் உணவு? வீட்டில் சமைத்துப் போட்டால் அந்தப் பை வாங்குகிற செலவே இல்லையே.

#8 பச்சைக்கோட்டு

வீட்டில் சமைத்துத் தாராளமாகப் போடலாம் அண்ணா. ஆனால் நமக்குச் சமைத்ததில் மிஞ்சியது வேறு, நாய்க்கென்று சமைப்பது வேறு. வெங்காயம், பூண்டு நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. வெறும் இறைச்சியும் மாவுச்சத்தும் போட்டு வளர்த்த குட்டிக்கு எலும்பு வளைந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். கால்சியம் சேர்க்கிறேன் என்று அளவில்லாமல் கொடுத்தால் பெரிய இனக் குட்டிகளுக்கு அதுவும் எலும்புக்கோளாறு. மருத்துவரிடம் ஒருமுறை கட்டணம் கொடுத்துச் செய்முறை எழுதி வாங்கிச் சமையுங்கள். சத்துக் கலவைப் பொடியும் சேர்த்துக் கணக்குப் போட்டால் உலர் உணவைவிடக் குறைந்துவிடும் என்று சொல்ல முடியாது.

#9 மூன்று_வால்கள்

யாரும் காப்பீடு பற்றிப் பேசவில்லையே! எனக்கு மூன்று நாய். மூன்றுக்கும் எடுத்திருக்கிறேன். நடு நாய் துணிப் பந்து ஒன்றை விழுங்கி, குடலில் அடைத்து, ராத்திரியோடு ராத்திரியாக அறுவை. முன்மேசையில் மதிப்பீட்டுத் தாளை நீட்டினார்கள். அந்த எண்ணைப் பார்த்து என் கை நடுங்கவில்லை. பெரும்பகுதி திரும்பி வரும் என்று தெரியும். "செய்யுங்கள்" என்று உடனே சொல்ல முடிந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் பிரீமியம் கட்டுகிறேன்.

#10 கணக்கன்

அந்த நிம்மதியை மதிக்கிறேன் சகோ. ஆனால் மூன்று நாய்க்கு, மூன்று ஆயுசுக்கு, ஆண்டுக்கு ஆண்டு ஏறும் பிரீமியம். அதைத் தனிக் கணக்கில் போட்டிருந்தால் பணம் உங்களுடையதாகவே இருந்திருக்கும். நோய் வராவிட்டால் அடுத்த நாய்க்கு ஆகும்.

#11 மூன்று_வால்கள்

நான்காம் வருடத்தில் நோய் வந்தால் உங்கள் வாதம் சரி. நான்காம் மாதத்தில் வந்தால்? கணக்கில் நாலு மாதப் பணம்தான் இருக்கும். சேமிப்பு காலத்தோடுதான் வளரும், விபத்து காலம் பார்க்காது. குட்டிகள்தான் கண்டதையும் கடித்து விழுங்குகின்றன. சேமிப்பு மிகக் குறைவாக இருக்கும் நேரமும் அதுதான்.

ஆனால் தூறல், எடுப்பதாக இருந்தால் விளம்பரத்தைப் பார்க்காமல் ஒப்பந்தத்தைப் படியுங்கள். நான் பார்ப்பவை இவை. காத்திருப்புக் காலம் எத்தனை நாள். உங்கள் கையிலிருந்து முதலில் எவ்வளவு போட வேண்டும், அதற்கு மேல் எத்தனை சதவீதம் அவர்கள் தருவார்கள். ஆண்டு உச்சவரம்பு. ஒரு நோய்க்கு 12 மாதம் மட்டும் தந்துவிட்டு நிறுத்துவார்களா, ஆயுசு முழுக்கத் தருவார்களா. இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். தோல் அலர்ஜி பெரும்பாலும் 3 வயதுக்குள் தலைகாட்டும், அப்புறம் கட்டுப்படுத்தத்தான் முடியும், போகாது. 12 மாதத் திட்டம் அதற்கு உதவாது.

முன்பே இருந்த நோயைப் பெரும்பாலும் யாரும் ஏற்பதில்லை. பல திட்டங்களில் ஒரு பின்னங்காலில் முழங்கால் தசைநார் அறுந்தால், மறு காலையும் "முன்பே இருந்தது" என்ற கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ஒரு கால் போன நாய்களில் பலவற்றுக்கு மறு காலும் போகும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

#12 கணக்கன்

முதல் ஆண்டுகளைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் தூறல் அம்மாவுக்கு நான் சொல்வது: கையில் அறுவைக்கான தொகை ஏற்கெனவே இருந்தால் காப்பீடு அவசியமில்லை. இல்லையென்றால் எடுங்கள், கூடவே சேமியுங்கள். சேமிப்பு அந்த அளவைத் தொட்டபின் தொடர்வதா வேண்டாமா என்று யோசிக்கலாம். நடுவில் நாய்க்கு ஏதாவது நோய் வந்திருந்தால் மட்டும் விட்டுவிடாதீர்கள், திரும்பச் சேர முடியாது.

#13 கடைசிப்பேருந்து

எனக்கு வேலை நிமித்தம் அடிக்கடி வெளியூர். எல்லோரும் மறக்கும் செலவு விடுதி. நாள் கணக்கில் ஏறும். பண்டிகை, விடுமுறைக் காலத்தில் இடமே கிடைக்காது, கிடைத்தால் கூடுதல் கட்டணம். தடுப்பூசி அட்டை இல்லாமல் நல்ல விடுதிகள் சேர்ப்பதில்லை, இருமல் தொற்றுக்கான ஊசியும் கேட்பார்கள். அதைப் போகிற அன்று போட்டால் பலன் இல்லை, முன்னாலேயே போட வேண்டும். வாடகை வீடாக இருந்தால் கூடுதல் முன்பணமும் கேட்கலாம்.

நம்பிக்கையான இன்னொரு நாய் வீட்டுக்காரரோடு மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு கிடைத்தால் விடாதீர்கள். எனக்கு அப்படித்தான் ஓடுகிறது.

#14 புதுநிலா

செலவு குறைக்க ஒரு யோசனை. சின்ன வலி, காய்ச்சல் என்றால் ஒவ்வொரு தடவையும் மருத்துவரிடம் ஓட வேண்டுமா? நமக்கு வாங்கும் வலி மாத்திரையில் பாதி கொடுத்தால் போதும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

#15 பச்சைக்கோட்டு

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இபுபுரூஃபன் நாய்க்கு வயிற்றில் புண் போட்டு, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பாரசிட்டமால் ஈரலைக் கெடுக்கும். பாதி மாத்திரை என்பது 60 கிலோ மனிதருக்குத்தான் பாதி, 6 கிலோ நாய்க்கு இல்லை. வீட்டில் மிஞ்சிய மாத்திரையைக் கொடுத்துவிட்டு மறுநாள் ரத்த வாந்தியோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மிச்சம் பிடிக்க நினைத்த பணத்தைப்போலப் பல மடங்கு கட்டிவிட்டு, நாயையும் இழந்து போனவர்கள் உண்டு. சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கம், சில பற்பசைகளில் இருக்கும் சைலிட்டாலும் இப்படித்தான், கொஞ்சமே போதும்.

செலவு குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன. தினமும் நாய்க்கான பற்பசையால் பல் துலக்குங்கள். 3 வயது தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஈறு நோய் தொடங்கிவிடுகிறது. முற்றினால் பல் சுத்தம் செய்ய முழு மயக்கம் கொடுக்க வேண்டும், பிடுங்க வேண்டிய பல் கூடக்கூட பில் ஏறும். நகம் வெட்டக் கற்றுக்கொள்ளுங்கள். பெண் நாயானால் கருத்தடையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகாதீர்கள், எந்த வயதில் செய்வது என்று மருத்துவரிடம் கேட்டுத் தேதி வையுங்கள். கர்ப்பப்பையில் சீழ் வைத்து அவசரமாகச் செய்யும் அறுவை, திட்டமிட்டுச் செய்வதைவிடப் பல மடங்கு. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் விலை கேட்கலாம், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். கூண்டு வாங்கினால் வளர்ந்த நாயின் அளவுக்கு, நடுவில் தடுப்பு உள்ளதாக ஒன்றே வாங்குங்கள். உடை, விதவிதமான ஷாம்பு, விலையுயர்ந்த படுக்கை இதெல்லாம் நாய் கேட்பதில்லை. கடிக்கும் பருவத்தில் படுக்கை எப்படியும் பஞ்சாகிவிடும்.

#16 வெள்ளைவால்

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். எல்லோரும் குட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கிழவியைப் பற்றிப் பேசுகிறேன். என் காலடியில் இப்போது படுத்திருக்கிறாள், வயது 14.

தூறல் கண்ணு, நாயின் செலவு ஆயுசு முழுக்க ஒரே சீராக ஓடாது. முதல் ஆண்டில் வீங்கும். அப்புறம் ஐந்தாறு ஆண்டு அமைதியாகப் போகும். ஊசிக்கு மட்டும்தான் மருத்துவமனை வாசலை மிதிப்போம். "பரவாயில்லையே, இவ்வளவுதானா" என்று தோன்றும். பலரும் அந்த நேரத்தில் மூன்றாவது பையில் போடுவதை நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் அதிகமாகப் போட வேண்டும். ஏனென்றால் கடைசி மூன்று நான்கு ஆண்டு மறுபடி வீங்கும், முதல் ஆண்டைவிட அதிகமாக.

7, 8 வயதுக்கு மேல் ஆண்டுக்கு இரண்டு பரிசோதனை, ரத்தம், சிறுநீர் எல்லாம் சேர்த்து. பெரிய இனமானால் அதற்கும் முன்னாலேயே. இவளுக்கு மூட்டு வலிக்குத் தினம் மாத்திரை. அந்த மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. பிறகு சிறுநீரகமே தளர்ந்தபோது அதற்கென்று தனி உணவு, சாதாரணப் பையைவிட விலை கூடியது. ஒன்றுக்கு ஒன்று கொளுவிக்கொண்டு வரும், தனித்தனியாக வராது.

எல்லாமே பெரிய செலவு இல்லை. எங்கள் வீட்டில் வழவழப்பான ஓடு. எழுந்திருக்கும்போது பின்னங்கால் இரண்டும் இரண்டு பக்கமாக வழுக்கிப்போகும், ஊன்ற முடியாமல் என்னைப் பார்ப்பாள். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரை, கிண்ணத்திலிருந்து வாசல்வரை, யோகா விரிப்புகளை வெட்டி ஒரு பாதை மாதிரி ஒட்டினேன். பாதத்துக்கு நடுவில் வளரும் முடியையும் கத்தரித்துவிடுவேன். இப்போது அந்தப் பாதையை விட்டு இறங்காமல் தானே நடந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறாள்.

இன்னொன்றையும் எழுதி வையுங்கள். யாரும் சொல்ல விரும்பாதது. கடைசி நாளுக்கும் பணம் ஆகும். வலியில்லாமல் அனுப்பிவைக்கும் ஊசி, அடக்கமோ தகனமோ. அழுதுகொண்டு நிற்கும்போது கட்டணம் கேட்கும் நிலை வரக்கூடாது என்று, நான் அதை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டேன். வைத்தபின் மனசு இலேசாக இருக்கிறது.

#17 நேர்வழி

வெள்ளைவால் அம்மா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எங்கள் வீட்டு நாய்களில் ஒன்றும் 14 வரை இருந்ததில்லை. தூறல், இவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

#18 மூன்று_வால்கள்

இனம் முடிவாகவில்லை என்றீர்கள் தூறல். அதுவும் பட்ஜெட்தான். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டை மூக்கு இனங்களுக்கு மூச்சுப் பாதை அறுவை தேவைப்படலாம், வெயிலும் தாங்காது. டாக்ஸ்ஹண்டுக்கு முதுகெலும்பு வட்டில் கோளாறு வரும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டில். கிரேட் டேனுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும், சில மணி நேரத்தில் அறுவை இல்லையென்றால் உயிர் போகும். பூடில், ஷிட்சூ மாதிரி முடி வளர்ந்துகொண்டே இருப்பவற்றுக்கு ஒன்று, ஒன்றரை மாதத்துக்கு ஒரு குரூமிங், ஆயுசு முழுக்க. கலப்பின நாய்க்கு நோயே வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி உடலமைப்பாலேயே வரும் தொல்லைகள் குறைவு.

காப்பகத்திலிருந்து வளர்ந்த நாயாக எடுத்தால் ஊசி, கருத்தடை, சிப் பெரும்பாலும் முடிந்திருக்கும். 20 கிலோ என்றால் 20 கிலோதான், ஊகம் இல்லை. குணமும் தெரிந்துவிடும். என் மூன்றில் இரண்டு அப்படி வந்தவைதான்.

#19 தூறல்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உட்கார்ந்து எழுதினேன், திருத்துங்கள்.

காப்பகத்தில் வளர்ந்த நாய், கலப்பினம். மகளும் சரி என்றுவிட்டாள். அவளுக்குக் குட்டிதான் வேண்டும் என்று இருந்தது, வெள்ளைவால் அம்மாவின் யோகா விரிப்புக் கதையைப் படித்துக் காட்டியதும் மாறிவிட்டாள். மாதச் செலவில் 9 கிலோ உணவு, உண்ணி மருந்து, கழிவுப் பை, காப்பீட்டுப் பிரீமியம். தேதி தெரிந்த செலவில் ஆண்டுப் பரிசோதனை, பூஸ்டர், 4 முறை குடற்புழு மருந்து, உரிமம், விடுமுறைக்கு விடுதி. இரண்டையும் கூட்டி, அதில் பாதியை மூன்றாவது பைக்கு மாதாமாதம். உணவு மொத்தமாகப் பெரிய பையாக வாங்கினால் விலை குறைகிறது, அப்படியே போட்டிருக்கிறேன்.

நாய் வருவதற்கு முன்னாலேயே, இந்த மாதத்திலிருந்து மொத்தத் தொகையையும் தனிக் கணக்கில் போட ஆரம்பிக்கிறோம். நாய் ஏற்கெனவே இருக்கிற மாதிரி. 4, 5 மாதம் அப்படித் தாக்குப்பிடிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காப்பகத்துக்குப் போவோம்.

#20 கணக்கன்

கடைசிப் பத்தி அருமை. அதைவிடச் சரியான சோதனை கிடையாது, சேரும் பணமும் நாயோடு உங்களிடமே இருக்கும்.

இரண்டு திருத்தம். தின்பண்டம், பயிற்சிக்குக் கொடுக்கும் துணுக்கு எல்லாம் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்த அளவு உணவைக் குறைத்து, தின்பண்டத்துக்குத் தனி வரி போடுங்கள். அடுத்தது பெரிய பை. திறந்தபின் கொழுப்பு காற்றுப் பட்டுக் கெட ஆரம்பிக்கும், ஒன்றரை மாதத்துக்குள் தீர்கிற அளவே வாங்குங்கள். உங்களுக்கு 12 கிலோ பை சரியாக வரும். பையை அவிழ்த்துக் கொட்டாமல், வாயை மடித்துப் பையோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். காலாவதித் தேதியும் தயாரிப்பு எண்ணும் அந்தப் பையில்தான் இருக்கிறது.

#21 பச்சைக்கோட்டு

மூன்றாவது பைக்குப் பாதி என்பது எதை வைத்து? ஓர் இலக்கு வையுங்கள். பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று மருத்துவமனைக்குப் போன் செய்து கேளுங்கள். 20 கிலோ நாய்க்குச் சாதாரண ஆலோசனைக் கட்டணம் எவ்வளவு, இரவு நேரத்தில் எவ்வளவு. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எவ்வளவு. ஒரு நாள் படுக்க வைத்து டிரிப் ஏற்றினால் எவ்வளவு. விழுங்கிய பொருளை அறுவை செய்து எடுத்தால் தோராயமாக எவ்வளவிலிருந்து எவ்வளவு. மயக்கம் கொடுத்துப் பல் சுத்தம் எவ்வளவு. தவணை உண்டா, முன்பணம் கட்டினால்தான் எடுப்பீர்களா. தயங்காமல் கேளுங்கள், நாங்கள் தினமும் சொல்கிற எண்கள்தான். அந்த அறுவைக்குச் சொல்லும் மேல் வரம்புதான் உங்கள் இலக்கு.

#22 தூறல்

கேட்டுவிட்டுச் சொல்கிறேன். ஒரு சின்னச் சந்தேகம்: அந்த இலக்கைத் தொட்டபின் போடுவதை நிறுத்தலாமா?

#23 வெள்ளைவால்

குறைக்கலாம் கண்ணு, நிறுத்தாதே. அது ஒரு அறுவைக்கான பணம்தான். மாத்திரை தினமும் வரும்.